துரை கொடுத்த சீமாட்டி படம்

பேய், சாமி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் வீடு பௌத்த வீடு, இந்தப் பேச்சுக்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் சுரங்கக் கூலி லைனே, வரிசை வீட்டுச் சனம் மொத்தமும், கண்ணால் பார்த்தது இது, அதுவும் பட்டப்பகலில்.

தங்கச் சுரங்கத்தை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். போகும்போது வீட்டுச் சாமான்களை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் லைனில் ஒரு வீட்டில் துரையின் கட்டில் இருந்தது, இன்னொரு வீட்டில் குளிக்கிற தொட்டி. பங்களாவில் பதினொரு வருடம் பெருக்கித் துடைத்த எனக்கு என் துரை கொடுத்தது ஒரு படம். என் இடுப்பு உயரம் இருக்கும், அதில் வெள்ளைப் பட்டு கவுன் போட்ட சீமாட்டி, பார்வையிலேயே அவ்வளவு திமிர். எந்தக் காலத்திலோ சீமையில் ஒரு பிரபு தன் பெண்டாட்டியை உட்காரவைத்து வரையச் சொன்னதாம். "தினம் நீதான் துடைச்சே, நீயே வச்சுக்கோ" என்றார். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏம்மே அஞ்சல, கட்டில கேக்காம வெள்ளைக்காரிய இட்டுக்கினு வந்துகிறியே, இவளுக்கு இன்னா சோறு போடுவே?"

"களிதான். துன்னா துன்னட்டும், இல்லன்னா பட்டினி கெடக்கட்டும்."

மூன்று வருடம் சுவரில் தொங்கியது, நானும் அதே பங்களாவில் கம்பெனி வேலையில் இருந்தேன். அப்புறம் பெங்களூரிலிருந்து பழைய படம் வாங்குகிற ஒருவன் வந்து பங்களாவில் இந்தப் படத்துக்குப் பெரிய விலை சொல்லி விசாரித்திருக்கிறான். மறுநாளே கம்பெனி வீடுகளைக் கவனிக்கிற குவார்ட்டர்ஸ் ஆபீசர் நான்கு ஆட்களோடு என் வீட்டுக்குள் நுழைந்தார். நால்வரும் சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கிற மரம் தூக்கிப் பழகியவர்கள்.

"கம்பெனி சொத்தைத் திருடினியா? படத்தைக் கொடுத்துட்டா வேலை மட்டும்தான் போகும். இல்லேன்னா போலீஸ் கேஸ், வீட்டையும் காலி பண்ணணும்."

"துரை குடுத்தாரு சார்."

"காகிதம் எங்கே?"

புருஷனைச் சுரங்கக் குழியில் பறிகொடுத்தவள் நான். அந்த வேலையும் அந்த ஒற்றை அறையும்தான் எனக்கும் என் இரண்டு பெண்களுக்கும்.

"எடுங்கடா" என்றார். நம்பினால் நம்புங்கள், நான்கு பேராலும் முடியவில்லை. நான் அடித்த சின்ன ஆணியில் தொங்குகிற படம், பிடித்து இழுக்கிறார்கள், கழுத்து நரம்பு புடைக்கிறது, படம் அசையவில்லை, ஆணி வளையவில்லை, சுவரில் சுண்ணாம்புகூட உதிரவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆபீசருக்கு ரோஷம் வந்து கோட்டைக் கழற்றிப் போட்டு, சுவரில் ஒரு காலை உதைத்துக்கொண்டு தானே இழுத்தார், வழுக்கி என் அடுப்புச் சாம்பலில் மல்லாந்து விழுந்தார்.

"சார், வெள்ளைக்காரிக்கு உன்ன புடிக்கல சார்!" என்றாள் கன்னியம்மா. லைனே சிரித்தது.

நான் போய் ஒற்றைக் கையால் எடுத்தேன். முறத்தை எடுப்பதுபோல் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

படத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பின்பக்கப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சீட்டுகள், படம் யார் யார் கைக்குப் போனது என்று துரை ஒருமுறை எனக்குக் காட்டியவை. "படிங்க சார்" என்றேன். சாம்பலோடு நின்று படித்தார். பிரபு, அவர் மகள், லண்டனில் ஒரு கடை, என் துரையின் தாத்தா, கடைசியில் என் துரை. கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை.

"அதுக்குக் கீழ பலகையிலயே எம்பேர எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, நான் படிச்சுப் பாக்கணும்."

மரம் தூக்குகிற ஆட்களில் ஒருவன் சொன்னான்: "எழுதிடுங்க சார். எங்களால ஆவாது."

எழுதினார், கையெழுத்தும் போட்டார். ஐந்து இங்கிலீஷ் பெயருக்குக் கீழே அஞ்சலை, ஸ்கெலட்டன் லைன். வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் லைன் பக்கம் ஜீப்பைத் திருப்பியதே இல்லை.

மறுநாள் காலை என் பெயரை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று படத்தைத் திருப்பினேன். என் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்தே இல்லாத வெறும் சீட்டு, எனக்கு அடுத்த ஆளுக்கு இடம் விட்டதுபோல. கதவு உள்ளே தாழ்போட்டபடிதான் இருந்தது, என் பெண்கள் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

வருடங்கள் ஓடிவிட்டன. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் திருப்பிப் பார்க்கிறேன். இன்றைக்குக் காலையிலும் அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் விரல் வைத்தால் பசை இன்னும் ஈரமாக ஒட்டுகிறது.