ஆளுக்கொரு சங்கு

எண்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்து, கவரைப்பேட்டையில் ஒரு விவசாயியின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். நெடுநெடுவென்ற உடம்பு, சேற்றுப்புண் ஆறி ஆறித் தடித்துப்போன பாதங்கள். நிலம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாக மூன்று மகன்களுக்கும் அங்கேயே வேலை.

மகன்கள் எல்லோரும் வீடு திரும்பிச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவர் சோற்றில் கை வைப்பார். ஏர் ஓட்டிய காலத்துப் பழக்கம். இப்போதோ மூவருக்கும் மூன்று ஷிப்டு. ஒருவன் வந்தால் இன்னொருவன் கிளம்புவான். மருமகள் போட்ட சோறு எதிரில் ஆறிக் கிடக்கும். பாதி நாள் தொடாமலே எழுந்துவிடுவார்.

"நீங்க சாப்பிடலாமே பெரியவரே" என்றேன் ஒருநாள்.

"பயிர் வச்ச காலத்துல பொழுது சாஞ்சா அல்லாரும் ஊடு வந்துடுவோம் தம்பி. இப்போ கம்பெனிக்காரன் ஆளுக்கொரு சங்கு ஊதறான். நான் எந்தச் சங்குக்குத் துன்றது?"

இளைத்து இளைத்து ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி அன்று மூன்று மகன்களும் வீட்டில் இருந்தார்கள். படையல் சோற்றைக் கூரைமேல் வைத்துவிட்டுக் காகத்துக்காக நின்றோம். அது எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மூத்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எவ்ளோ நேரம்தான் காத்துக்கினு இருக்கறது? எனக்கு ரெண்டாவது ஷிப்டு. எலையப் போடுங்க."

போட்டார்கள். காகம் வந்ததா என்று பார்க்க நான் அங்கே இருக்கவில்லை.