கல்லில் முட்டை விழுவதற்கு முன்

மாலை ஐந்தரை ஆனால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. மனைவி இறந்த சில மாதங்களில் தொடங்கியது இது. டிவியைப் போடுவேன், அணைப்பேன். காலையில் படித்த செய்தித்தாளை எடுத்து அதே பக்கத்தை மறுபடி படிப்பேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். கோட்டைக்குள் இருக்கும் என் வீட்டிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகத் தம்பானூர் வரை ஒரு நடை. சில நாள் இரண்டு நடை.

அந்த நேரத்தில் பசிக்கவும் செய்யும். நாற்பது வருடம் இந்த மலையாள ஊரில் சைவச் சாப்பாட்டுக்கு நான் நம்பியிருந்த ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்துக்கொண்டன. அங்கே ஒரு தோசைக்குக் கேட்கும் விலையில் தெருவில் மூன்று நாள் சாப்பிடலாம். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன் நான், பென்ஷன் வருகிறது, விலை என்னைக் கொன்றுவிடாது. ஆனாலும் உறுத்தியது. அதைவிட, நாலு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார்ந்து தோசைக்குக் காத்திருப்பது முடியாமல் போயிற்று. மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நின்றபடியே தின்றுவிட்டு நடையைத் தொடர எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

இடங்களுக்கா குறைவு? சாயங்காலம் ஆனால் இந்த ஊரில் மூலைக்கு மூலை தட்டுக்கடை முளைத்துவிடும். ஒரு தள்ளுவண்டி, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தோசைக்கல். சிக்கல் அந்தக் கல்லில்தான். நாங்கள் நாஞ்சில் நாட்டுச் சைவர்கள். தட்டுக்கடையில் தோசை வார்க்கும் அதே கல்லில்தான் ஆம்லெட்டும் போடுவார்கள். நான் ஒவ்வொரு வண்டியாகப் போய் நிற்பேன், கல்லை எட்டிப் பார்ப்பேன், ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

தம்பானூரில் ஒரு பழைய லாட்ஜின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு அம்மா வண்டி போட்டிருந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். புருஷன் இங்கே கான்கிரீட் வேலைக்கு வந்தவர். முதுகு போன பிறகு பகலில் தண்ணீர் சுமந்து தருவதோடு சரி. நான் கல்லை எட்டிப் பார்த்ததை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"என்னத்தப் பாக்கிய ஐயா? முட்டையா?"

தலையாட்டினேன்.

"அப்பம் இந்த நேரத்துக்கு வராதிய. அஞ்சே முக்காலுக்கு அடுப்பப் பத்த வைப்பேன். கல்லைத் தேச்சுக் கழுவி எண்ணெ தடவி வச்சிருப்பேன். முதத் தோசை உங்களுக்கு. அதுக்கப்புறந்தான் முட்டை."

அப்படித்தான் தொடங்கியது. மறுநாள் அஞ்சே முக்காலுக்குப் போனேன். கல் கன்னங்கரேலென்று பளபளத்தது. சின்னச் சின்னத் தடித்த தோசைகள் மூன்று, சிவப்புச் சம்மந்திச் சட்னி, தட்டில் தனியாக ஒரு ரசவடை. எனக்கென்று ஒரு தட்டும் கரண்டியும் வண்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. கேட்காமலே செய்தார்.

இது நடந்தது இரண்டு வருடம். நான் வரத் தாமதமானால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். கட்டிட வேலைக்காரர்கள், லாட்ஜில் அறை துடைக்கும் பையன்கள், பஸ் ஓட்டுநர்கள், எல்லாருக்கும் ஆம்லெட் வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், உள்ளூர்க்காரர், தோளில் சிவப்புத் துண்டோடு சுவரில் சாய்ந்து நின்று பசியில் மலையாளத்தில் சத்தம் போடுவார், நான்தான் அவருக்குச் சாமி: "அக்கா, சாமி வந்நில்லே? எனிக்கு விசக்குந்நு. சாமி வந்நாலே கோழி முட்டை இடுள்ளோ?"

"கெடந்து பறக்காத. கோழி முட்டை போட்டாச்சு. நாந்தான் உடைக்கல."

நான் திருநீறும் வெள்ளை வேட்டியுமாகச் சந்துக்குள் நுழைந்ததும் முட்டையை உடைக்கச் சொல்லி அவர் கையைத் தட்டுவார்: "வந்நல்லோ! பொட்டிக்கு அக்கா, பொட்டிக்கு!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூன்று தோசையையும் நின்றபடி வேகமாகத் தின்பேன். கடைசி வாய் என் தொண்டையில் இறங்கும்போது முதல் முட்டை கல்லில் விழும். அந்த இரண்டு வருடமும் மாலை நேரங்களில் என் கால் ஓரளவு அடங்கியிருந்தது அங்கே நின்ற அந்தப் பத்து நிமிடம்தான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத இடத்தில் நானே என்னை வைத்திருந்தேன். இங்குள்ள எங்கள் சைவர் சங்கத்துக்கு அப்போது நான் தலைவர். அந்த வருட ஆண்டுவிழாவில், பரீட்சையில் முதலிடம் வாங்கிய ஒரு பெண்ணுக்காக இளைஞர்கள் கேக் வாங்கி வந்தார்கள். முட்டை சேர்த்ததா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முட்டை பட்ட பாத்திரத்தில் சமைத்தது எதுவும் இந்த மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று பேசி, கேக்கைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் அழுதது. அன்று மாலையும் அஞ்சே முக்காலுக்குச் சந்தில் நின்றேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, தெருவோரக் கடைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அட்டை இருந்தால் கடையை யாரும் எடுக்க முடியாது. இல்லாதவர்கள் நடைபாதை வேலை தொடங்கும்போது போக வேண்டியதுதான். அந்த அம்மா அதே இடத்தில் பதினொரு வருடமாகக் கடை போடுகிறார். ஆனால் காட்ட ஒரு காகிதம் இல்லை. இந்த ஊர் முகவரியுள்ள இரண்டு வாடிக்கையாளர்கள் நேரில் சொன்னால் எழுதிக்கொள்வார்களாம். அவரிடம் சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசி வெளியூர்க்காரர்கள். சுமைக்காரர் ஒருவர் ஆயிற்று.

"இன்னொண்ணு நீங்கதான் ஐயா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஒரு வார்த்தை என்ன, ஒரு பக்கம் எழுதியே தாரேன்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் பாலில்லாத டீ விற்கும் கட்டன்சாயாக்காரரிடம், "எனக்கென்ன, ஐயா இருக்காவ" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

கணக்கெடுக்க வந்தது ஒரு இளம்பெண். கையிலிருந்த போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. நான் சரியாக அந்த நேரத்துக்குப் போய்விட்டேன். கல் காய்ந்துகொண்டிருந்தது. சுமைக்காரர் தன் பெயரையும் வீட்டையும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. அதே நேரத்தில் சந்தின் வாயில் எங்கள் சங்கச் செயலாளரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். கையில் பை. நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள் போலிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சார் இங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்தானே?" என்று அந்தப் பெண் மலையாளத்தில் கேட்டது.

"நானா? இல்லை. பஸ்ஸுக்காக நிற்கிறேன்" என்றேன், நானும் நல்ல மலையாளத்தில்.

சுமைக்காரர் என்னையே பார்த்தார். "பஸ்ஸோ? சாமி, ஈ சந்தில் ஆட்டோ தன்னே கஷ்டப்பட்டா வருந்நது!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கல்லின் புகைக்கு அப்பால், சந்தின் வாயில் நின்ற இருவரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஆமா மோளே, இவ்வோ பஸ்ஸுக்கு நிக்காவ. நான் சொன்னது வேற ஒரு ஐயாவ. அவ்வோ இன்னைக்கு வரல" என்றார் அந்தப் பெண்ணிடம்.

சொல்லிவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் கல்லில் உடைத்தார். நான் சந்தை விட்டு வெளியேறினேன். செயலாளரும் மனைவியும் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தை இரண்டு முறை சுற்றினேன். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொன்னதற்காகவோ என்னவோ, ஒரு பஸ்ஸில் ஏறிக் கரமனை வரை போய்த் திரும்பி நடந்தே வந்தேன்.

மறுநாள் போயிருக்க வேண்டும். போய், நேற்று புத்தி கெட்டுப் பேசினேன், கணக்கெடுத்த பெண்ணின் போன் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. வேறு பாதையில் நடந்தேன். விடுபட்டவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. படித்தவன் செய்வதைச் செய்தேன், மனு எழுதினேன். அந்தப் பெண்மணி நீண்ட காலமாக அங்கே கடை நடத்துவதாக அப்பகுதியினர் கூறுகிறார்கள், கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று ஒரு பக்கம். அலுவலகத்தில் அதை வாங்கியவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "சார் அங்கே சாப்பிட்டிருக்கிறீர்களா? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். என் பின்னால் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று கூட இல்லை. இருந்தும் "விசாரித்துத்தான் எழுதினேன்" என்றேன். அவர் மனுவை மற்றக் காகிதங்களோடு வைத்தார்.

நடைபாதை வேலை தொடங்கியது. ஒரு மாலை தாங்க முடியாமல் சந்துக்குப் போனேன். வண்டி நின்ற இடத்தில் புதுக் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டன்சாயாக்காரரிடம் அட்டை இருந்ததால் அவர் இருந்தார். அந்த அம்மா எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைக் கழுவினார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், எல்லாரும் போன பிறகு, செயலாளரைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். இரண்டு வருடம் அந்த வண்டியில் சாப்பிட்டேன், அன்று பொய் சொன்னேன், தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன்.

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நாங்க அன்னைக்கு எதுக்கு அந்தச் சந்துக்குள்ள வந்தோம்னு நெனைக்கிய? தோசை திங்கத்தான். நாகர்கோயில் போயிட்டு வரும்போதெல்லாம் இவளுக்கு அங்க ரசவடை திங்கணும். அஞ்சாறு வருசமாச்சு. உங்களக் கண்டதும் ஈரக்குலை நடுங்கிப் போச்சு. கேக்குக்கே அந்தப் பாடு படுத்தினியளே!"

நான் உட்கார்ந்துவிட்டேன். சுமைக்காரரைத் தவிர இந்த ஊர் முகவரியுள்ள மூன்று சாட்சிகள் அன்று அந்தச் சந்தில் இருந்தோம். மூவரும் ஒருவரை ஒருவர் கண்டு ஓடினோம்.

அதன்பிறகு என் நடை நீண்டது. அவரைத் தேடி ஒவ்வொரு தட்டுக்கடையாக நின்றேன். சும்மா நின்று விசாரிக்க முடியாது, எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். சாக்கா, பேட்டை, வஞ்சியூர், மணக்காடு. கல்லை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஆம்லெட் எடுத்த கையோடு வார்த்த தோசையைத் தின்றேன். முதல் நாள் குமட்டியது, பிறகு இல்லை. மலிவாக, சுடச்சுட, ருசியாகச் சாப்பிட இந்த ஊரில் எத்தனை இடங்கள் என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன். வள்ளியூர்க்கார அம்மா யாராவது வண்டி போட்டிருக்கிறார்களா என்று கேட்பேன். மற்றக் கடைக்காரர்கள் கையை விரிப்பார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டி வாசலில் அவரைப் பார்த்தேன். உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீகாரியம் பக்கம் மாணவர் விடுதி ஒன்றில் சமையலாம்.

"நல்லா இருக்கியளா ஐயா? மெலிஞ்சிட்டியளே."

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். செயலாளர் சொன்னதையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்த அக்காவா! வெளியூருன்னுல்லா நெனைச்சேன், அன்னைக்குப் புகையில மொகமும் தெரியல. அவ்வோ மூணு ரசவடை திம்பாவளே!" பிறகு சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல ஐயா. உங்க ஆளுக நிக்காவ, என்ன செய்விய. மறுநாள் வருவியன்னு நெனைச்சேன். அதுக்கு மறுநாளும். அதுதான் எனக்கு ஆறல."

நானும் செயலாளரும் அவர் மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றைப் பல வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எடுத்து நீட்டினேன்.

"இது எதுக்கு? கடை நடத்துறவங்களுக்குத்தான் அட்டை. நான் இப்பம் தெருவுலயா நிக்கேன்?" உளுந்துப் பையைக் கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "அந்த விடுதியில நிக்க நேரமில்ல ஐயா, பேச்சுக்கு ஆளில்ல. சம்பளம் வருது. எப்பமாவது வண்டி போட்டா வந்து சொல்லுதேன். அப்பம் வந்து சொல்லுவியளா?"

"சொல்வேன்."

"ஆரு நின்னாலும்?"

"யார் நின்றாலும்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆட்டோ வந்தது, மூட்டைகளோடு ஏறிப் போய்விட்டார். அது நடந்து ஒன்றரை வருடமாகிறது. எனக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. அவர் மறுபடி வண்டி போடும்போது போய்ச் சொல்ல நான் இருப்பேனா தெரியாது. அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன். தம்பானூரில், லாட்ஜின் பக்கவாட்டுச் சந்தில், வள்ளியூர்க்கார அம்மா பதினொரு வருடம் கடை நடத்தினார். கடைசி இரண்டு வருடம் நான் தினமும் அங்கே சாப்பிட்டேன்.