ஒன்று விடாமல் எழுது

அன்றைக்கு அம்மா ஏன் சிரித்தாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வஞ்சிரம் பொரிகிற வாசனையும், காற்று திசை மாறினால் மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்து தொண்டையைக் கரிக்கும் "கேஸ்" நாற்றமும் கலந்திருந்த எங்கள் திருவொற்றியூர் வீட்டில், அப்பாவின் நண்பர் அவளைக் கேலி செய்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் மூன்றாம் வகுப்பு. பட்டாளத்தில் இருந்த அப்பா பணிக்காலம் முடிந்து, வடக்கே ஒரு முகாமில் "டிஸ்சார்ஜ் பேப்பர்" வரக் காத்திருந்தார். வேலையும் கிடையாது, ஊருக்கும் விடமாட்டார்கள். அதுவரை நாலு வரியில் முடிந்த அவருடைய கடிதங்கள் அந்த மாதங்களில் நீண்டன. "ஒன்று விடாமல் எழுது, உன் லெட்டர் வந்தால்தான் இங்கே பொழுது போகிறது" என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருந்தார். அம்மா அதை ஆசை என்று எடுத்துக்கொண்டாள். சமையல் முடிந்ததும் இன்லேண்ட் லெட்டரை அரிசி டின்மேல் வைத்து, ஒட்டுகிற மடிப்புவரை இடம் விடாமல் எழுதினாள்: பக்கத்துப் போர்ஷனில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, குத்திப் பேசியது, ஆண் இல்லாத வீடு என்று தெரியாமலிருக்க அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டியிருப்பது, வெளியே கிளம்பும்போது அந்தச் சட்டையிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொள்வது, எல்லாவற்றையும்.

அப்பா வந்து சேர்ந்த வாரமே, அவரோடு டிஸ்சார்ஜ் ஆன வியாசர்பாடி நண்பர் சாப்பிட வந்தார். அம்மாவை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"இன்னா அண்ணி, சட்டையாண்ட சொல்லிகினுதான் வெளிய வந்தீங்களா?"

அம்மா நீட்டிய தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது.

"அது இன்னாடா சட்டை கதை, எங்களுக்குத் தெரியாம?" என்றாள் அத்தை.

நண்பர் பெண் குரல் வைத்துக்கொண்டு அம்மாவின் வரிகளை மனப்பாடமாக ஒப்பித்தார். அத்தையைப் பற்றிய வரிகளையும் விடவில்லை. அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பேப்பர் வர்ற வரைக்கும் அங்க இன்னாதான் பண்றது? இவ லெட்டர் வந்தா ரூமே குந்திகினு கேக்கும்."

அப்போதுதான் அம்மாவும் சிரித்தாள். "மீன் ஆறிடப் போவுது, சாப்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தை சும்மா விடவில்லை. மறுநாள் தண்ணி லாரி வந்தபோது குடத்தோடு நின்ற அம்மாவைக் காட்டி, "வழி வுடுங்கடி, சட்டைக்குப் பொண்டாட்டி வர்றா" என்றாள்; தெரு அதைப் பிடித்துக்கொண்டது. பள்ளியில் பிள்ளைகள் என்னிடம், "உங்க நைனா ஆணில தொங்கறாராமே?" என்றார்கள். ஏன் எல்லோருக்கும் படித்துக் காட்டினார் என்று அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "உன்னால நாலு பேரு சிரிச்சானுங்கன்னா சந்தோசப்படுவியா, மூஞ்சத் தூக்கி வச்சிக்குவியா?" என்றார். அதன்பிறகு அவள் எதையும் எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு லெட்டருக்குக்கூட, "உங்கப்பாவாண்ட கேளு" என்பாள். பேச்சும் சோறு, துணி, கரண்ட் பில் என்று சுருங்கிப்போனது. பெரியவளான பின் அப்பாவிடம் கேட்டேன். "நக்கல் இல்லம்மா. வூட்லருந்து லெட்டரே வராதவனுங்க, ஏக்கத்துல கேட்டானுங்க" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இன்லேண்ட் லெட்டரை எப்படி மடிப்பது என்று என் ஆறு வயது மகளுக்குத் தெரியாது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் தன் அப்பாவுக்கு அவள் போனில் குரலைப் பதிந்து அனுப்புகிறாள்: பாயை நனைத்தது, டீச்சரைக் கண்டால் வயிறு வலிப்பது, என்னிடம்கூடச் சொல்லாதது. "அப்புறம்? இன்னும் சொல்லு கண்ணு" என்று போன வாரம் அவர் அனுப்பிய பதிலில், பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது டிவியாக இருக்கலாம். அவர்கள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். நல்ல மனிதரைச் சந்தேகப்படுகிறேனோ என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. மகளை எச்சரித்தால், அப்பாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று இந்த வயதிலேயே நானே கற்றுக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டால்?

நேற்று பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது. என்னிடம் சொல்ல மாட்டாளாம், அப்பாவிடம்தான் சொல்வாளாம். போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள், நான் கொடுக்கட்டுமா?