பாதைக்கு மட்டும் உபயதாரர் இல்லை

திண்டிவனத்தில் எங்கள் நகர்ப் பூங்காவில் உட்கார இடமில்லை என்று ஒரு பயல் சொல்ல முடியாது. எங்கு திரும்பினாலும் சிமென்ட் பெஞ்சு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் உபயம்: அப்பா நினைவாக, அம்மா நினைவாக, பேத்தியின் முதல் பிறந்தநாளை முன்னிட்டு. நடக்கத்தான் வழியில்லை. தரையெல்லாம் நெருஞ்சி.

எனக்கு வேண்டியது கல் பதித்த நடைபாதை. என் மனைவிக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. "தினமும் நடக்கணும். ஆனா கால்ல ஒரு முள்ளு ஏறக் கூடாது. புண்ணு வந்தா வெரலை எடுக்கற மாதிரி ஆயிடும்" என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். ரோட்டில் நடக்கலாமென்றால் பஸ்காரர்கள் விடமாட்டார்கள். அவள் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

பாதிச் செலவை ஊரார் போட்டால் மீதியை நாங்கள் போடுகிறோம் என்றது நகராட்சி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். வீடு வீடாக ஏறி இறங்கினேன். வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டிக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"பெஞ்சுன்னா இன்னொண்ணு வாங்கித் தர்றேன் சார். பாதையில எங்கப்பா பேரைப் போட்டு, ஊரே மிதிச்சிக்கினு போவறதா? நல்லாருக்கா?"

பெயர் போடாமலே கொடுக்கலாமே என்றேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். என் மனைவி சிரித்தாள். "மிதிபடக் கூடாத பேருதான பேஜாரு? மிதிபட வேண்டிய பேரு ஆளுக்கு ஒண்ணாவது இருக்கும். அதைக் கேளுங்க."

"அடிப்பாவி, கேஸ் போட்டுடுவாங்கடி!"

"கல்லுக்கு அடியில எழுதிக் கவுத்துப் போட்டா எவன் பாக்கப் போறான்?"

மறுநாள் மண்டிக்காரர் காதில் பயந்துகொண்டே சொன்னேன். அவர் அக்கம் பக்கம் பார்த்தார்.

"தம்பி பேரு எழுதலாமா? வரப்புத் தகராறு சார்."

"எழுதலாம்."

"ரெண்டு கல்லு போடுங்க."

சாயங்காலமே அந்தத் தம்பி வந்து, அண்ணன் பெயருக்கு மூன்று கல் கேட்டார். அப்புறம் என் காலிங் பெல் ஓயவில்லை. பழைய மேனேஜர், ஏமாற்றிய காண்டிராக்டர், சொல்லாமல் கொள்ளாமல் போன மருமகன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத எதிர்வீட்டு அம்மாள் ஒரு வரிசையையே எடுத்துக்கொண்டார். யார் பெயருக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெயர் எழுதும் வேலையை என் மனைவி வைத்துக்கொண்டாள். எந்தக் கல் எங்கே என்று காசு கொடுத்தவரிடம் மட்டும் காதோடு சொன்னாள். ஆண்கள் வாயில் எதுவும் தங்காதாம். ஊரில் விரோதமெல்லாம் தீர்ந்த பிறகும் கடைசி வளைவுக்குக் கல் மீந்தது. என் பென்ஷனிலிருந்து நானே காசு கட்டினேன்.

பாதை வந்தது. விடியற்காலையில் அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க வேண்டும். எல்லோரும் பூப்போல நடந்து வருவார்கள். தன் கல் வந்ததும் ஒரு நிமிடம் நின்று, நங்கென்று ஒரு மிதி. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மிதி மிதித்துவிட்டு, "வாக்கிங்கா?" என்று சிரித்துக்கொள்வார்கள். என் மனைவி மட்டும் எங்கும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

சில மாதம் கழித்து விழுப்புரம் போனோம். டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலில் ஒரு கீறல் இல்லை, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்றார். திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"உன் கல்லு எது? நீ எங்கயும் நின்னு மிதிக்கலையே?"

"ஒரே கல்லா இருந்தா நின்னு மிதிக்கலாம். நீங்க காசு கட்டுனீங்களே, கடைசி வளைவு, அது முழுக்க ஒரே பேருதான்."

"யார் பேருடி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"உங்களுக்கு இன்னாத்துக்கு அது? நாளைக்கு ஜல்தி எழுப்பி உடுங்க. இன்னும் ரெண்டு சுத்து சேத்து நடக்கப் போறேன்."

எழுப்பிவிட்டேன். ஷூ லேஸையும் நானே கட்டிவிட்டேன். பத்து விரலாலும் நன்றாக மிதிக்கட்டும்.