ஜோசப்பின் காலித் தோட்டா

தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது என் உத்தியோகம். இதில் எதிரியைப் பார்த்துப் பயந்த நாளே இல்லை, பயமெல்லாம் எங்கள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான். மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான் என்பதால் உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

பச்சை பூத்தது

பிரமுகர்களுக்குப் பின்னால் நடக்கும் காவலர் தோளில் குட்டையாக ஒரு துப்பாக்கி தொங்குமே, அதுதான் கார்பைன். அதற்கான ஒன்பது எம்.எம். தோட்டாக்கள் என் பொறுப்பு. புதுச்சேரிக் கடல்காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும்போது பித்தளை மட்டும் தப்புமா? நெல்லித்தோப்பிலிருந்து வரும் காவலர் ஜோசப்புக்கு நான் தினமும் கொடுத்த தோட்டாக்களில் பச்சை பூத்திருந்தது. ஆபத்து நேரத்தில் அது வெடிக்காவிட்டால் போவது ஜோசப்பின் உயிர். ஆயுதக் கிடங்கில் புதுப் பெட்டிகள் இருந்தன. மாற்றிக் கொடுக்கலாமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.

"இத்தினி வருஷத்துல டூட்டில எவனாவது சுட்டானா? சுடாத துப்பாக்கிக்கு எதுக்குய்யா புதுத் தோட்டா?"

சல்லடை

பயிற்சியில் சுட்டால், கீழே விழும் காலித் தோட்டாவையும் பொறுக்கித் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுட்டவன் தலையில்தான் விடியும். ஒருநாள் பயிற்சியில் ஜோசப்புக்கு ஒன்று குறைந்தது. கார்பைன் காலித் தோட்டாவை வலப்பக்கம் துப்பும் என்பதால், அந்தப் பக்கத்து மணலை எல்லாம் கொத்தனார் சல்லடையில் சலித்தோம். ஜோசப்புக்கு ஏட்டாகப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். பெயரில் ஒரு குற்றம் ஏறினால் போச்சு. மண்டிபோட்டு மணலை அளைந்துகொண்டிருந்த அந்த மனுஷனைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது. சவுக்கு மர நிழலில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை.

"பொண்டாட்டி தாலியத் தொலைச்சா இப்பிடித்தான் தேடுவியா? நல்லா தோண்டுய்யா."

முதல் மழை

கிடைக்கவில்லை. விசாரணை நடந்து பதவி உயர்வு கைவிட்டுப் போனது. ஜோசப்புக்கு இளையவர் ஒருவர் ஏட்டாக, ஜோசப் அவருக்கு சல்யூட் அடித்தார்.

மழைக்காலம் தொடங்கிய அன்று, கிடங்கு வாசலில் இன்ஸ்பெக்டர் தன் குடையை விரித்தார். உள்ளிருந்து காலித் தோட்டா ஒன்று 'ணங்'கென்று சிமெண்ட் தரையில் விழுந்து, துப்பாக்கி வாங்க நின்ற ஜோசப்பின் பூட்ஸருகே உருண்டது. பயிற்சியன்று ஜோசப்புக்கு வலப்பக்கம், வெயிலுக்குப் பிடித்த குடையை அரைகுறையாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் இன்ஸ்பெக்டர்தான். அப்புறம் வெளிப் பயிற்சியோ மழையோ இல்லாததால் குடை அவர் அறை ஆணியிலேயே தொங்கிக் கிடந்திருக்கிறது.

மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். "மண்ணுல கெடச்சுதுன்னு எழுதிக்க. குடைன்னு எழுதினா எனக்குல்ல மெமோ வரும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடையை மடிக்கப் போனார். ஜோசப் குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லா ஒதறிட்டு மடிங்க சார், உள்ள வேற எவனோட ப்ரமோஷனாவது இருக்கப் போவுது."

என் கிடங்குத் தோட்டாக்களில் இதுவரை ஓர் ஆளைச் சாய்த்தது அந்த ஒன்றுதான், அதுவும் சுட்டவரையே.