பார்வைக்கு மட்டும் போட்ட கட்டில்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் போங்கள். இதைச் சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. வெளியே தெரிந்தால் என் பிழைப்பில்தான் மண் விழும். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

காலி வீட்டை யாருக்கும் பிடிக்காது. அதனால் விற்கிற வரைக்கும் சோபா, திரைச்சீலை, சாப்பாட்டு மேசை எல்லாம் வாடகைக்கு எடுத்துப் போட்டு, ஒரு குடும்பம் சந்தோஷமாகக் குடியிருப்பது போல அலங்கரித்துக் கொடுப்பேன். அதுதான் என் தொழில். எங்கள் ஊரில் ஒரு பகுதியில் எனக்கு ஓயாத வேலை. நல்ல பள்ளிக்கூடம், பூங்கா, பிள்ளைகள் சைக்கிள் விட அகலமான தெரு. குழந்தை குட்டியோடு இருப்பவர்கள் கடனை உடனை வாங்கியாவது அங்கே நுழையத் துடிப்பார்கள். ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் பத்துப் பேர் முட்டி மோதுவார்கள்.

அங்கே தெரு மூலையில் இருந்த ஒரு மாடி வீடு மட்டும் விலை போகவே இல்லை. வருகிறவர்கள் மாடியறை வரைக்கும் போவார்கள். பிறகு விலைகூடக் கேட்காமல் இறங்கிப் போய்விடுவார்கள்.

"அந்த ரூம்ல என்னமோ குறையுது. பேசாம குழந்தை ரூமா மாத்திடும்மா," என்றார் வீட்டை விற்கும் ஏஜென்ட் அக்கா.

வாடகைக்குச் சின்னக் கட்டிலும் பொம்மைகளும் எடுத்துப் போட்டேன். பொம்மைக் கடை மாதிரி இருந்ததே தவிர, ஒரு பிள்ளை வளரும் அறை மாதிரி இல்லை. அப்போதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. என் மகளுக்கு ஆறு வயது. சேட்டை தாங்காமல் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய போர்வை, பழைய ஷூ, காது பிய்ந்த துணி முயல் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். அவள் வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டினேன். அறைக்கு உடனே களை வந்துவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் தூசி தட்டப் போனேன். போர்வை கசங்கிக் கிடந்தது. தலையணையில் சின்னதாக ஒரு பள்ளம். பார்க்க வந்தவர்களின் பிள்ளை ஏறிக் குதித்திருக்கும் என்று சரிசெய்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாளும் அதே பள்ளம். கை வைத்துப் பார்த்தேன்... சூடாக இருந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன். இரண்டு நாளாக யாருமே வரவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் வாலுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மாடில ஜன்னல் பக்கத்துல தரைப் பலகையை மிதிச்சா கிரீச்னு சத்தம் வருதுல்ல?"

எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

"எந்த மாடிடி?"

"எனக்குக் கட்டில் போட்டு வச்சிருக்கியே... அங்க."

அவளை ஒரு நாளும் அந்த வீட்டுக்கு நான் கூட்டிப்போனதில்லை. அவள் சாமான்களை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மாலை ஐந்தே முக்காலுக்குப் போனேன். வெளியே நல்ல வெளிச்சம். தெருவில் பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போய்ப் போர்வையைப் பையில் திணித்தேன். படத்தைப் பிய்த்தேன். முயலைக் காணோம். குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

கிரீச்...

ஜன்னல் பக்கம்.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

போன் அடித்தது. வீட்டிலிருந்து என் கணவர்.

"வாலு உன்கிட்ட பேசணுமாம். இந்தா..."

"அம்மா, எப்ப வருவ?" என்றது போனில்.

"அம்மா, எடுக்காத..." என்றது என் முதுகுக்குப் பின்னால்.

அதே குரல்.

நான் திரும்பவில்லை.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு விலைபோனது. கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்களாம். அக்கா போனில் ஒரே குதூகலம்.

"உம் பொண்ணு உன்னையே மிஞ்சிடுவா போலிருக்கே! நான் போறதுக்குள்ள அவளே கதவத் திறந்து விட்டு, வீட்டைச் சுத்திக் காட்டிட்டாளாம். அவளைப் பார்த்துதான் வீடே பிடிச்சுப் போச்சாம்."

"அக்கா, ஞாயித்துக்கிழமை முழுக்க அவ எங்கூடதான் இருந்தா."

"அவங்க ஏம்மா பொய் சொல்றாங்க? முன்பல்லு ரெண்டும் இல்லாம சிரிச்சாளாம். தலையில பெரிய கட்டு வேற போட்டிருந்ததாம். எங்கம்மா விழுந்தா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

வாலுவை இழுத்து வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு பல்லும் போகவில்லை. தலையில் சின்னக் கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. யாரோ அக்கம்பக்கத்துப் பிள்ளை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு ஒரு முன்பல் விழுந்தது.

ஆறு வயதில் பல் விழுவது சகஜம்தான். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தலைக்கட்டை நினைத்து அவள் சைக்கிளைப் பூட்டிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் படியேறும்போது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி டீச்சரிடம் கெஞ்சினேன். "பேசாம அவளை பீரோல வச்சுப் பூட்டிடு," என்று கணவர் கிண்டல் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது. தூக்கம் போய்விட்டது.

இன்று காலை வாலு பல் தேய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

இரண்டாவது முன்பல்.