மாடி அறையின் போர்ட்

தாம்பரத்தில் ஒரு வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். மொட்டை மாடிகளில் நாங்கள் பொருத்திய, சிக்னல் வாங்கும் ரேடியோ கருவிகளில், கேபிள் செருகும் எந்தப் போர்ட்டில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்று கண்காணிப்பது என் பொறுப்பு.

ஒருநாள் கீழ்க்கட்டளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். “பையன் தவறிட்டான்மா. அவன் மாடி ரூம் கனெக்‌ஷனை எடுத்துடுங்க.”

அந்த வீட்டு ரேடியோவில் இரண்டு போர்ட். மாடிக்குப் போகும் போர்ட்டில் அந்த நிமிடமும் டேட்டா ஓடிக்கொண்டிருந்தது.

“சார், யாரோ யூஸ் பண்றாங்களே?”

“ரூம் பூட்டித்தாம்மா கிடக்கு.”

நேரில் போனேன். அவர் பூட்டைத் திறந்தார். இருண்ட அறையில் கம்ப்யூட்டர் திரை மட்டும் ஒளிர்ந்தது. வெளிநாட்டிலிருக்கும் நண்பன் ஒருவன் சாட்டில் கேட்டிருந்தான்: ‘சாப்டியாடா?’ கீழே, இறந்தவன் பெயரில், அன்றைய தேதியில் பதில்: ‘ஆச்சுடா. நீ?’

நான் திரும்பினேன்.

பின்னால் அவர் மனைவி இன்னொரு சாவியோடு நின்றிருந்தார். “அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியாது. தினம் இதுல கூப்பிடறான். நான்தான் பதில் போடறேன்.”

கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தைய பேச்சையெல்லாம் படித்தார். பிறகு, “கனெக்‌ஷன் இருக்கட்டும்மா” என்றார்.

சில மாதங்களில் அந்தப் போர்ட் அடங்கிப்போனது. அந்த நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்களா என்று போன் செய்து கேட்க எனக்கு மனம் வரவில்லை.